இளஞ்சூட்டில் துடையுங்கள்: ஹீட் பிரஸ் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மிஷினைப் பற்றியவை: சூட்டாலும் அழுத்தத்தாலும் துணியில் டிசைனைப் பதிக்கும் ஹீட் பிரஸ். ஆடி வந்தால் சேலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவுக்குத் தெரு பையன்கள் ஒரே நிறத்தில் டிஷர்ட் போட ஆசைப்படுகிறார்கள். வருஷம் முழுக்க மூலையில் கிடந்த ஹீட் பிரஸ்களை எல்லாம் தூசு தட்டி எடுத்திருக்கிறீர்கள் போல. ஆரி வேலை, எம்பிராய்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் அம்மாபேட்டையில் வீட்டிலேயே டிஷர்ட், பை, கப் பிரிண்ட் போடுகிறவள். வீட்டுக்காரர் வெண்பட்டு நெய்கிறார். தறிக்குப் பக்கத்தில், முன்பு நூல் சுற்றும் ராட்டை இருந்த இடத்தில் என் மிஷின் நிற்கிறது. 38க்கு 38 சென்டிமீட்டர் தட்டு, முதலை வாய் மாதிரி மேலே திறக்கும் வகை. 9 வருஷமாகிறது. மெக்கானிக் படிப்பெல்லாம் கிடையாது. சூடு பட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வாசகி, கோரிமேடு: போன இதழில், டெஃப்லான் ஷீட்டின் மேல்பக்கம் எது என்று மறக்காமல் இருக்க மார்க்கரில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னீர்கள். வைத்தேன். அந்தப் புள்ளி மேல் தட்டில் ஒட்டி, அங்கிருந்து ஒரு குழந்தையின் பிறந்தநாள் டிஷர்ட்டில் இறங்கிவிட்டது. இப்போது என்ன செய்ய, அக்கா?

தப்பு என்னுடையது. டெஃப்லான் ஷீட் என்பது சூடான தட்டுக்கும் துணிக்கும் நடுவே வைக்கிற, ஒட்டாத விரிப்பு. என் ஷீட் தட்டைவிடப் பெரியது. நான் புள்ளி வைத்திருந்தது தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில். அதை எழுத விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே நானும் புள்ளியை விட்டுவிட்டேன். இப்போது ஷீட்டின் வலது மேல் மூலையைக் கத்தரியால் ஒரு நகம் அளவுக்குச் சாய்வாக வெட்டி வைத்திருக்கிறேன். எப்போதும் நீளவாக்கில், வெட்டிய மூலை மேலே வரும்படி வையுங்கள்: அது வலப்பக்கம் இருந்தால் மேல்பக்கம், இடப்பக்கம் போனால் தலைகீழ். கரண்ட் போன நேரத்திலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

தட்டில் இருக்கும் மை, மிஷின் நன்றாக ஆறிய பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியில் வந்துவிடும். டிஷர்ட்டில் இறங்கியது வராது. ஸ்பிரிட்டால் தேய்த்தால் புள்ளி பொட்டாகும், பொட்டு நிலாவாகும். அதன்மேல் வினைலில், அதான் சூட்டில் துணியோடு ஒட்டும் பிளாஸ்டிக் தாளில், ஒரு நட்சத்திரம் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். குழந்தைக்கு நட்சத்திரம் பிடிக்கும். அம்மாக்காரியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

வாசகி, பொன்னம்மாபேட்டை: மேல் தட்டில் கறுப்பாகப் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போட்டுத் தேய்த்தேன். பசை போனது, கூடவே தட்டின் பூச்சும் கோடு கோடாகப் போய்விட்டது. மிஷின் அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று யார் சொன்னது? நானும் இதே வேலையைச் செய்தவள்தான். நான் எடுத்தது கம்பி நார்கூட இல்லை, தோசைக் கரண்டி. என் தட்டின் இடது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இன்னும் இருக்கிறது. மேல் தட்டு அலுமினியம். அதன்மேல் இருப்பது டெஃப்லான் பூச்சு, நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே சரக்கு. கோடு விழுந்ததால் சூடு குறைந்துவிடாது, பிரிண்ட்டும் விழும். கீறல் உள்ள இடத்தில் பசை இன்னும் சுலபமாகப் பிடிக்கும், அதுதான் தொல்லை. இனி ஷீட் போடாமல் ஒரு தடவைகூட மூடாதீர்கள். தட்டுக்கே உறை மாதிரி மாட்டும் டெஃப்லான் கவரும் விற்கிறார்கள். தட்டின் அளவு சொல்லி வாங்கி மாட்டிவிட்டால் கீறல் பற்றிய கவலையும் போகும்.

இப்போது அந்தப் பசைக்கு வருகிறேன், ஏனென்றால் அது திரும்ப வரும். வினைலின் அடிப்பக்கம் இருக்கும் ஒட்டுப்பசைதான் அது. வினைல் துணியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலோ, ஷீட் நகர்ந்துவிட்டாலோ, அவசரத்தில் தலைகீழாக வைத்தாலோ தட்டில் போய் உட்காரும். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். திரும்பத் திரும்பச் சூடேறினால் கருகிக் கறுத்துப்போகும். வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது புதிதில்லை. கொதிக்கிற பாகைத் துடைத்தால் பாத்திரம் முழுக்க இழுகும், கல்லாகிப்போன பாகைச் சுரண்டினால் பாத்திரம் கீறும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதம் தப்பினால்தான் கம்பி நாரும் தோசைக் கரண்டியும் கைக்கு வரும்.

நான் செய்வது இதுதான். தட்டை 150 டிகிரிக்கு ஏற்றுகிறேன். பழைய வெள்ளைக் காட்டன் வேட்டித் துண்டை நாலாக மடித்துக் கீழே வைத்து, அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஷீட் இல்லாமல், 15 விநாடி மூடுகிறேன். திறந்ததும் துணியை ஒரு ஓரத்திலிருந்து உரித்து எடுத்தால் இளகிய பசையில் பெரும்பங்கு துணியோடு வந்துவிடும். துணியைத் திருப்பிச் சுத்தமான பக்கம் வைத்து இன்னும் இரண்டு மூன்று தடவை. அதற்குப் பிறகு சூட்டின் அளவை ஆகக் குறைவாக இறக்கிவைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். ஸ்விட்சை அணைத்துவிட்டால் எண் தெரியாது, அதனால்தான் இறக்கி வைப்பது. என் மிஷினுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அதற்குள் ஒரு வேளைச் சமையல் முடிந்துவிடும். 50க்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விரலில் உலர்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கிறேன். மிச்சமிருக்கும் பசை பென்சில் எழுத்தை அழித்த ரப்பர் தூள் மாதிரி உருண்டு உருண்டு வரும். அப்படி உருண்டால் பதம் சரி. நூல் மாதிரி இழுத்தால் இன்னும் சூடு இருக்கிறது, எழுந்து போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

மங்கலாகத் தெரியும் கறைக்கு மட்டும் கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். இந்தப் பக்கத்தில் நான் ஸ்பிரிட் என்று எழுதுவது இதைத்தான். இதற்குத் தட்டு முழுக்க ஆறியிருக்க வேண்டும், இளஞ்சூடுகூட ஆகாது. தட்டில் ஊற்றாதீர்கள், துணியில் தொட்டுத் துடையுங்கள். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பும் பூஜை விளக்கும் எரிகிற அறையில் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேலை செய்யுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். செய்யும், பக்கத்திலிருக்கும் பெயின்ட்டையும் எண் தெரியும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழிக்கும்.

இன்னொன்று. ஈரத்துணியில் துடைப்பதானால் போர் தண்ணீரில் நனைக்காதீர்கள். எங்கள் தெருத் தண்ணீரில் ஒரு தடவை துடைத்தாலே தட்டில் வெள்ளைத் திட்டு நிற்கும். கேன் தண்ணீர் அரை டம்ளர் போதும்.

வாசகர், கொண்டலாம்பட்டி: ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை–பெண் போட்டோ போட்டு 40 டிஷர்ட் அடித்தேன். மறுநாள் அடித்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் டிஷர்ட்டில் மாப்பிள்ளையின் மீசை மங்கலாகத் தெரிகிறது. தட்டைத் துடைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. எங்கிருந்து வருகிறது?

கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன், மன்னிக்கவும். நீங்கள் துடைத்தது மேல் தட்டை. மாப்பிள்ளை இருப்பது கீழே, துணியை வைக்கிற மெத்தை மாதிரியான சிலிக்கோன் பேடில். அல்லது ஷீட்டில்.

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகாமலே கரைந்து காற்றில் போகிறதல்லவா? போட்டோ பிரிண்ட்டுக்கு நாம் எடுக்கும் சப்ளிமேஷன் மையும் அதே ஜாதி. 180 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீராகாமல் நேராக ஆவியாகி, பாலியஸ்டர் இழைக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். துணிக்குள் போகாமல் ஓரத்தில் கசிந்த ஆவி ஷீட்டிலும் பேடிலும் படியும். கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை சூடானதும் மறுபடி ஆவியாகும், பக்கத்தில் எந்த பாலியஸ்டர் இருக்கிறதோ அதில் ஏறும். சுத்தக் காட்டன் துணி இந்த மையைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. காட்டனை வைத்துச் சோதித்துவிட்டு மிஷின் சுத்தம் என்று ஏமாறுவது இதனால்தான்.

வெள்ளை பாலியஸ்டர் துணி மீட்டர் கணக்கில் கொஞ்சம் வாங்கி வையுங்கள். தட்டளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, ஷீட்டுக்கு அடியில் ஒன்று, கீழே பேடுக்கு மேலே ஒன்று வைத்து, 200 டிகிரியில் 60 விநாடி மூடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். எடுத்துப் பார்த்தால் எந்தத் துண்டில் மீசை இருக்கிறது என்று தெரிந்துவிடும். துண்டு வெள்ளையாகவே வரும்வரை மாற்றி மாற்றி வையுங்கள். நாலைந்து தடவைக்கு மேலும் நிறம் வந்தால் அந்த ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், முந்நூறு நானூறுக்காக வாடிக்கையாளரை இழக்க வேண்டாம்.

இனி போட்டோ வேலை என்றால் மேலேயும் கீழேயும் பட்டர் பேப்பர். டிசைன் தாளைவிட நாலு விரல் பெரிதாக இருக்கட்டும். ஒரு டிஷர்ட்டுக்கு ஒன்று, மறுபடி எடுக்காதீர்கள். மெழுகு பூசிய தாளைப் பட்டர் பேப்பர் என்று சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. நகத்தால் கீறிப் பாருங்கள், நகத்தில் மெழுகு ஏறினால் அது நமக்கு ஆகாது. செய்தித்தாள் வைக்கலாமா என்று கேட்ட அன்னதானப்பட்டித் தம்பிக்கும் இங்கேயே பதில்: நேற்றைய தலைப்புச் செய்தி உங்கள் டிஷர்ட்டில் வரப் பிரியப்பட்டால் வைக்கலாம்.

வாசகர், நாகலூர், ஏற்காடு: சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு டிஷர்ட்டும் கப்பும் அடித்துக் கொடுக்கிறேன். மூடுபனி இறங்கும் மாதங்களில் வேலை கெடுகிறது. கலர் கலங்குகிறது, நடுநடுவே புள்ளி விழுகிறது, ஸ்பிரிங்கில் துரு. இத்தனைக்கும் ராத்திரி மிஷினைப் பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கித்தான் வைக்கிறேன்.

அந்தப் பிளாஸ்டிக்கை முதலில் எடுங்கள். மலைமேல் இருக்கிறீர்கள், பனி உங்கள் வீட்டுக்குள் கேட்காமலே வந்து போகும். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக்கைப் போட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக்காற்று ராத்திரிக் குளிரில் வேர்த்து, வெளியே போக வழியில்லாமல் ஸ்பிரிங்கில்தான் உட்காரும். மிஷின் முழுக்க ஆறியதும் பழைய காட்டன் வேட்டியைப் போர்த்துங்கள். தூசு துணியிலேயே நின்றுவிடும், ஈரம் தங்காது. காலையில் மூடியைத் திறந்து வைத்தபடியே கால் மணி நேரம் சூடேற்றுங்கள். பேடும் கம்பியும் காயட்டும், அதற்குப் பிறகு முதல் துணியை வையுங்கள்.

கலங்குவதற்குக் காரணம் மிஷின் இல்லை, துணியிலிருக்கும் ஈரம். டிசைன் வைக்காமல் வெறும் டிஷர்ட்டை 5 விநாடி அழுத்தித் திறந்து பாருங்கள். கழுத்துப் பக்கமாக நின்று, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி மெல்லிய ஆவி எழும்புவது தெரியும். ஆவி நிற்கும்வரை இன்னொரு தடவை, தேவையானால் மூன்றாவது தடவை. அந்த ஆவி டிசைனுக்கு அடியில் மாட்டினால்தான் உங்கள் புள்ளி. சப்ளிமேஷன் தாளும் ஈரம் குடிக்கும். காப்பிக் கொட்டையைக் காற்றுப் படாமல் கட்டி வைக்கிற ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இறுக்கி மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சின்ன சிலிக்கா பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். துரு லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, கம்பியில் மட்டும் ஒரு பூச்சு கிரீஸ்.

கப் மிஷின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கப் இல்லாமல் வெறும் வளையத்தைச் சூடேற்றி வைக்காதீர்கள், ஹீட்டர் சீக்கிரம் போய்விடும். பனிக்காலத்தில் கப்பைச் சில்லென்று அப்படியே மாட்டாமல் வெதுவெதுப்பாக வைத்திருந்து மாட்டுங்கள்.

சூடேற நேரமாகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வோல்டேஜைப் பாருங்கள். 230 வர வேண்டிய இடத்தில் 200தான் வந்தால், 2000 வாட் ஹீட்டர் 1500 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். வோல்டேஜ் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் சூடு நாலில் ஒரு பங்கு குறைகிற கணக்கு இது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை, கொஞ்சம் கூடுதலாகக் காத்திருங்கள். மலர்க் கண்காட்சிக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது உங்கள் கடையைப் பார்க்கிறேன்.

வாசகி, அழகாபுரம்: இதில் அப்பளம் சுடலாமா? பையன் கேட்கச் சொன்னான்.

சுட்டால் சுடும். சாயமும் வினைல் பசையும் படிந்த தட்டு அது. பையனைச் சாப்பிடக் கூப்பிடும்போது அடுப்பிலேயே சுட்டுக் கொடுங்கள்.

வாசகர், செவ்வாய்ப்பேட்டை: கொலுசு வைத்துக் கொடுக்கும் சின்னத் துணிப் பைகளில் கடைப் பெயரை வினைலில் ஒட்டுகிறேன். ஒரு மூலை மட்டும் எப்போதும் உரிந்து வருகிறது. சூட்டைக் கூட்டினால் துணி பளபளத்துப் போகிறது.

சூட்டைக் கூட்டாதீர்கள். ஒரே மூலை என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அங்கே அழுத்தம் போதவில்லை. மிஷின் ஆறியிருக்கும்போது நாலு காகிதத் துண்டு எடுங்கள், டவுன் பஸ் டிக்கெட் அகலம் போதும். நாலு மூலையிலும் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுங்கள். மூன்று துண்டு பிடிவாதம் பிடிக்கும், ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். உங்கள் உரியும் மூலை அதுவாகத்தான் இருக்கும்.

பேடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பை என்றால் சுருக்குக் கயிறு, முடிச்சு, ஓரத் தையல் எல்லாம் இருக்கும். தினமும் அதே இடத்தில் முடிச்சை வைத்து அழுத்தி அழுத்தி அங்கே குழி விழுந்திருக்கும். குழிக்கு மேலே வினைல் வந்தால் எப்படி ஒட்டும்? இப்போதைக்குப் பேடைத் திருப்பிப் போடுங்கள், நாளைக்குப் புதுசு வாங்குங்கள். இனி கயிறும் முடிச்சும் தட்டுக்கு வெளியே தொங்கட்டும். முடியாத பைக்கு, பைக்குள்ளே தடித்த அட்டையை டெஃப்லான் ஷீட்டில் சுற்றிச் செருகி, பிரிண்ட் விழும் இடத்தை மட்டும் மேடாக்குங்கள்.

முதலை வாய் மிஷினில் இன்னொரு குணம் உண்டு. தடித்த பொருள் வைத்தால் கீல் பக்கம் முதலில் கடிக்கும், முன்பக்கம் தளர்வாக நிற்கும். உங்கள் மூலை முன்பக்கத்து மூலை என்றால் பையை இன்னும் உள்ளே தள்ளி வையுங்கள். துணி பளபளத்தது என்றால் அது பாலியஸ்டர் வெல்வெட் அல்லது சாட்டின். அதற்குக் குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

வாசகி, குகை: கீல் கிறீச் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது. இப்போது முன்பைவிட இறுக்கமாக இருக்கிறது.

சூட்டுக்குப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். துணியால் வழித்தெடுத்துவிட்டு, சூடு தாங்கும் கிரீஸை மிளகளவு கீலில் வையுங்கள். நாலு தடவை திறந்து மூடி, வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். தையல் மிஷின் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும், பேடில் ஒரு சொட்டு விழுந்தால் அடுத்த டிஷர்ட்டில் தெரியும்.

வாசகர், மெய்யனூர்: 10 டிஷர்ட் அடிப்பதற்குள் பிளக் உருகுகிற வாசனை வருகிறது. புதுப் பிளக் மாற்றினேன், அதுவும் கறுத்துப்போனது. ஜங்ஷன் பாக்ஸில்தான் போட்டிருக்கிறேன்.

மற்ற வாசகர்கள் தங்கள் பதிலை நிதானமாகப் படிக்கலாம், மெய்யனூர்க்காரரே, நீங்கள் மட்டும் இந்த வரியைப் படித்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் மிஷின் 2000 வாட் என்று எழுதியிருக்கிறீர்கள். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். டிவி, செல்போன் சார்ஜர் மாட்டுகிற சின்னப் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. ஜங்ஷன் பாக்ஸ் பெரும்பாலும் அதே கணக்கு. பெரிய பின்னைச் சின்னப் பாயிண்டில் சொருக வழி செய்யும் அடாப்டர் விற்கிறார்களே, அதை வாங்கியவர்கள் இன்றே குப்பையில் போடுங்கள். ஃப்ரிட்ஜ், கீசருக்குப் போடுவது போல 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக, 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயரில் இழுக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டு மாமாவை அல்ல.

புதுப் பிளக்கும் ஏன் கறுத்தது? பழைய சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி சூட்டில் தளர்ந்துவிட்டது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், பொறி பறந்தால் சூடாகும். கருகிய சாக்கெட்டில் புதுப் பிளக்கைச் சொருகினால் அதையும் கருக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். மாற்றிய பிறகும் 10 நிமிஷ வேலைக்கு ஒரு தடவை பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருக்கலாம், கை எடுக்க வைக்கிற சூடு கூடாது.

மேல் தட்டுக்குப் போகும் ஒயரையும் பாருங்கள். ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் அது ஒரே இடத்தில் மடங்குகிறது. அங்கே உறை வெடித்திருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், ஒயரையே மாற்றுங்கள். கைப்பிடியில் சுருக்கென்று லேசாக அடித்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். வெறுங்காலோடு நிற்பதால் என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வாசகி, ஆத்தூர்: 180 வைத்தும் வினைல் ஒட்டவே மாட்டேன் என்கிறது. தொட்டால் கைகூடச் சுடவில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது பாருங்கள் கண்ணு. ஃபாரன்ஹீட்டில் 180 என்றால் செல்சியஸில் 82தான். காப்பி ஆற்றலாம், வினைல் ஒட்டாது. வினைலுக்கு நான் வைப்பது 155, 160. ஃபாரன்ஹீட்டில் அது 320 வரை வரும். ஒன்று சொல்லிவிடுகிறேன், இனி கையால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

வாசகர், சூரமங்கலம்: ஹாலில் மிஷின், அதே ஹாலில் லவ் பேர்ட்ஸ் கூண்டு. டெஃப்லான் புகை பறவைகளுக்கு ஆகாது என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார்.

நண்பர் சொல்வது சரி. நாம் வேலை செய்யும் 200 டிகிரிக்குள் டெஃப்லான் ஒன்றும் செய்யாது. 260ஐத் தாண்டினால் கெட ஆரம்பிக்கும், அதற்கு மேலே போகப் போக வரும் புகை பறவைகளின் நுரையீரலைச் சட்டென்று தாக்கிவிடும். 200ல் வைத்தால் 200ல் நிற்கும் என்று நாம் நம்புவது உள்ளே இருக்கும் ஒரு ரிலேயை, அதாவது சூடு ஏறியதும் தானாகவே கரண்டை வெட்டும் ஸ்விட்சை. அது ஒட்டிக்கொண்டு நின்றுபோனால் எண் ஏறிக்கொண்டே போகும், கேட்க ஆளிருக்காது. மிஷினை ஆன் செய்துவிட்டு அடுத்த தெருவுக்குக் காய் வாங்கப் போகிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள். வினைல் கருகும் புகையும் அவற்றுக்கு நல்லதில்லை, உங்களுக்கும்தான். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வாசகி, தாரமங்கலம்: 3 வருஷம் ஓடிய மிஷின் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பார்த்து வாங்க என்ன பார்க்க வேண்டும், அக்கா?

ஆறிய மிஷினைப் பார்க்கப் போங்கள். நீங்கள் போகும்போதே சூடேற்றித் தயாராக வைத்திருந்தால், டீ கொடுங்கள் என்று சொல்லி உட்கார்ந்து ஆறவிடுங்கள். உங்கள் கண்ணெதிரே 160 வைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். எண் சீராக ஏறுகிறதா, 160ஐத் தொட்டதும் கிளிக் என்று ரிலே சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கொஞ்சம் மேலே போய்த் திரும்பி வந்து நின்றால் சரி. நிற்காமல் ஏறினால் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பையில் வெள்ளை பாலியஸ்டர் துண்டு ஒன்றும் நாலு காகிதத் துண்டும் எடுத்துப் போங்கள். மடங்கும் ஒயரைப் பாருங்கள். தட்டின் நடுவே பெரிய பள்ளமோ வளைவோ இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரியக்கூடாது. பேட் குழிந்திருந்தால், ஷீட் பழுப்பேறியிருந்தால் கவலையில்லை. இரண்டும் மாற்றுகிற சாமான், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

வாங்கிவிட்டால், 20 கிலோ சுமாருக்கு இருக்கும், ஸ்கூட்டியில் காலடியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நன்றாக ஆறவிட்டு, நடுவே ஒரு பழைய துண்டை வைத்து மூடி, கைப்பிடி எழும்பாமல் கயிற்றால் கட்டி, ஆட்டோவில் ஏற்றுங்கள்.